பெட்ரோலில் மிச்சமான பணம் யாருடையது?



இப்பக்கத்தில் வழக்கமாக இலக்கணம், கட்டுரைப் பயிற்சி, மாணவர் வாசிப்பு ஆகியவை பற்றித்தான் எழுதி வருகிறேன். இன்று ஒரு கியர்பெட்டியைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. பல்லிணைப் பெட்டி என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் ஜொகூரில் உள்ள எந்தப் பட்டறையில் போய் அச்சொல்லைச் சொன்னாலும் விளங்காது. ஆகவே கியர்பெட்டி என்றே எழுதுகிறேன், தமிழன்பர்கள் பொறுத்தருள்க.

நான் ஸ்கூடாயில் குடியிருக்கிறேன். நான்கு ஆண்டுகளாகக் கோத்தா திங்கியைத் தாண்டி ஒரு செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தமிழ்ப்பள்ளியில் பணிபுரிகிறேன். ஒரு வழிக்கு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அப்பகுதிக்குக் காலை நேரத்தில் பேருந்தை நம்பிப் போக முடியாது. மகிழுந்து இல்லையென்றால் வேலை இல்லை. இது எனக்கு மட்டுமன்று, தோட்டப்புறப் பள்ளிகளில் பணியாற்றும் எத்தனையோ ஆசிரியர்களுக்கும் பொருந்தும்.

சென்ற ஆண்டு ஒரு திங்கட்கிழமை விடியலில், உலு திராமை நெருங்கும்போது வண்டி நடுங்கத் தொடங்கியது. சமிக்ஞை விளக்கில் நின்று மீண்டும் புறப்படுகையில் குளிரில் நடுங்கும் குழந்தைபோல உதறியது. முடுக்கியை மிதித்தால் இயந்திரம் உறுமியது; வேகம் கூடவில்லை. முகப்புப் பலகையில் மஞ்சள் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. சாலையோரத்தில் நிறுத்தினேன். அதற்குமேல் அது நகர மறுத்துவிட்டது. தலைமையாசிரியருக்கு அழைத்துச் சொல்லிவிட்டு, இழுவை வண்டிக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தேன்.

என் வண்டி 2013இல் வாங்கிய ஹைப்ரிட். பெட்ரோல் இயந்திரமும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் கலப்பு வகை. அந்தக் காலத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். 2011ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், 2,000 சிசிக்கு உட்பட்ட புதிய ஹைப்ரிட் வண்டிகளுக்கு இறக்குமதி வரியையும் கலால் வரியையும் அரசாங்கம் முழுமையாக விலக்கியது. பின்னர் அச்சலுகை 2013 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. அதுவரை எட்டாத உயரத்தில் இருந்த ஹைப்ரிட் வண்டிகளில் சில, ஒரு லட்சம் ரிங்கிட்டுக்குள் இறங்கி வந்தன. நடுத்தரக் குடும்பங்கள் வங்கிகளில் ஒன்பது ஆண்டுக் கடனுக்குக் கையெழுத்திட்டன. நானும் அவர்களில் ஒருவன். பெட்ரோல் மிச்சமாகும் என்ற ஒரே காரணத்துக்காக வாங்கினேன். அந்நாளில் நம்மைப்போல் வாங்கியோரின் வண்டிகள் எல்லாம் இன்று பன்னிரண்டு, பதினான்கு வயதை எட்டிவிட்டன. அவற்றின் மின்கலமும் கியர்பெட்டியும் ஒவ்வொன்றாகத் தளர்ந்து வருகின்றன. ஆகவே, என் கதை நாளை உங்கள் கதையாகவும் ஆகலாம்.

மூன்று பட்டறைகள், மூன்று தீர்ப்புகள்

முதல் பட்டறைக்காரர் வண்டியைப் பத்து நிமிடம் பார்த்தார். பன்னிரண்டு வோல்ட்டு மின்கலத்தின் முனையைக் கழற்றிவிட்டு மீண்டும் மாட்டினார். விளக்குகள் அணைந்தன. சற்று ஓட்டியதும் மறுபடி நடுக்கம். "சிக்கு, கியர்பாக்ஸ் போச்சு. முழுசா மாத்தணும்" என்றார். எண்ணாயிரத்துச் சொச்சம் என்று ஒரு தொகையையும் சொன்னார். எழுத்து மூலம் கேட்டேன், தரவில்லை.

இரண்டாமவர் கியர்பெட்டியைத் தொடவே இல்லை. "ஹைப்ரிட் பேட்டரிதான்" என்றார். அந்த மின்கலத்தை 2020இல்தான் 4,300 ரிங்கிட் கொடுத்து மாற்றியிருந்தேன்.

மூன்றாவதாக ஓர் இளைஞரிடம் போனேன். தமிழ்ப்பள்ளியில் படித்து, பிறகு தொழிற்கல்லூரியில் வாகனப் பொறிநுட்பம் பயின்றவர். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஐயா, யாராவது பேட்டரிய கழட்டினாங்களா?" ஆமாம் என்றேன். முகம் சுளித்தார். "அப்படின்னா கணினியில பதிவான தடயம் பாதி அழிஞ்சிருக்கும். மறுபடி கோளாறு காட்டுற வரைக்கும் ஓட்டிப் பார்க்கணும். சோதனைக்கு மட்டும் 280 ரிங்கிட் ஆகும், சரிங்களா?"

உண்மையைச் சொல்கிறேன். அந்த 280 ரிங்கிட் என் மனத்தை உறுத்தியது. எதையும் பழுது பார்க்காமல், வெறுமனே பார்ப்பதற்கு மட்டும் பணமா என்று தோன்றியது. இன்று நினைத்தால், அந்த நாட்களில் நான் செலவழித்ததில் மிகச் சிறந்த பணம் அதுதான். நோய் எது, அதன் காரணம் எது என்று கண்ட பிறகே மருத்துவம் என்பதை வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வைத்திருக்கிறார். வகுப்பில் அதை ஆண்டுதோறும் கற்பிக்கிறேன். என் வண்டி என்று வந்தபோது, காரணம் அறியாமலே மருந்து வாங்கக் கிளம்பிவிட்டேன்.

கண்டறிதல் என்பது என்ன?

முதலில் ஓர் அடிப்படை. எல்லா ஹைப்ரிட் வண்டிகளிலும் ஒரே மாதிரியான கியர்பெட்டி இருப்பதில்லை. ஒரு வகையில், சூரியனைச் சுற்றும் கோள்களைப்போல் அமைந்த பற்சக்கரத் தொகுதியும் இரண்டு மின்மோட்டார்களும் சேர்ந்து வேலை செய்யும். அதில் பட்டை இல்லை. இன்னொரு வகையில், இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓர் எஃகுப் பட்டை ஓடும். கப்பிகள் விரிந்தும் சுருங்கியும் வேக விகிதத்தை மாற்றும். இதைத்தான் சிவிடி என்கிறார்கள். மூன்றாவது வகையில் இரட்டைக் கிளட்ச் இருக்கும். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாமல் ஒருவர் விலை சொன்னால், அவர் குருட்டாம்போக்கில் சொல்கிறார் என்று பொருள்.

பட்டையும் கப்பியும் என்ற எண்ணம் புதிதன்று. 1958இலேயே நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் ரப்பர்ப் பட்டையுடன் அத்தகைய சிற்றுந்தை அறிமுகப்படுத்தியது. பிற்காலத்தில் ரப்பருக்குப் பதிலாக நூற்றுக்கணக்கான எஃகுத் துண்டுகளைக் கோத்த பட்டை வந்தது. எஃகும் எஃகும் வழுக்காமல் பற்றிக்கொள்வதற்கு அதற்கென்றே தயாரித்த எண்ணெய் தேவை. அந்த எண்ணெய் பழுதானால் பட்டை வழுக்கும். வழுக்கினால் உலோகம் தேயும். தேய்ந்த துகள் எண்ணெயில் கலந்து மேலும் தேய்க்கும். என் வண்டி இந்தப் பட்டை வகை.

அந்த இளைஞர் செய்தவற்றை வரிசையாகத் தருகிறேன். உங்கள் பட்டறையிலும் இவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

1. பன்னிரண்டு வோல்ட்டுச் சிறு மின்கலத்தை முதலில் சோதித்தார். ஹைப்ரிட் வண்டியிலும் இது உண்டு. இது வலுவிழந்தால் பல விளக்குகள் பொய்யாக எரியும்.

2. வருடி ஒன்றைப் பொருத்திப் பிழைக் குறிகளைப் படித்தார். 'பி 0700' என்ற குறி வந்தது. "இது நோயின் பெயர் இல்லீங்க ஐயா. கியர்பெட்டியில ஏதோ கோளாறு இருக்கு, உள்ளே போய்க் கேள் என்று சொல்ற அறிவிப்பு மட்டும்தான்" என்றார். ஹைப்ரிட் மின்கலம் பழுதானால் பெரும்பாலும் 'பி 0ஏ80' போன்ற வேறு குறி வரும், அது வரவில்லை. ஆக, இரண்டாம் பட்டறையின் தீர்ப்புக்கு ஆதாரம் இல்லை.

3. இயந்திரத்தைத் தாங்கும் ரப்பர்த் தாங்கிகளை ஆராய்ந்தார். அவை கிழிந்தாலும், தீப்பொறிச் செருகி சரியாக எரிக்காவிட்டாலும், கியர்பெட்டி நடுக்கம்போலவே தோன்றும். ஒரு தாங்கி உண்மையிலேயே கிழிந்திருந்தது. ஆனால் நடுக்கம் முழுவதற்கும் அது காரணமில்லை.

4. என்னை ஓட்டச் சொல்லி அருகில் அமர்ந்து, இயந்திரச் சுழற்சி, கப்பிகளின் வேகம், எண்ணெய் வெப்பம் ஆகியவற்றைத் திரையில் பார்த்துக்கொண்டே வந்தார். இயந்திரம் சுழலும் அளவுக்குக் கப்பி சுழலவில்லை. வழுக்கல் உறுதியாயிற்று.

5. கடைசியாகத்தான் எண்ணெயை வடித்தார். கறுத்துத் தீய்ந்த வாடை. வடிகால் திருகின் காந்தத்தில் வெள்ளி மாவைக் குழைத்ததுபோல் உலோகத் துகள் அப்பியிருந்தது. அதை ஒரு வெள்ளைத் துணியில் தடவி என்னிடம் காட்டினார்.

"எண்ணெய் கடைசியா எப்ப மாத்தினீங்க ஐயா?" என்றார். பராமரிப்புக் கையேட்டைப் புரட்டினோம். கடன் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், செலவைக் குறைப்பதாக எண்ணி இரண்டு முறை தவறவிட்டிருக்கிறேன். ஒருமுறை சாதாரண தானியங்கிக் கியர் எண்ணெயையே யாரோ ஊற்றியதும் இரசீதில் இருந்தது. 198,000 கிலோமீட்டர் ஓடிய கியர்பெட்டியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைக் கொன்றதில் பாதிப் பங்கு எனக்குரியது.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். ஹைப்ரிட் வண்டியில் ஆரஞ்சு நிறக் கம்பிகள் நூறு வோல்ட்டும் அதற்கு மேலும் தாங்குபவை. வீட்டு வாசலில் தாமாகக் கழற்றிப் பார்க்கும் துணிச்சல் வேண்டா. உயர் மின்னழுத்தப் பயிற்சி உண்டா என்று பட்டறைக்காரரைக் கேட்பதில் தவறில்லை.

பணம்

நோய் தெரிந்தது. இனி விலை. அங்கீகாரம் பெற்ற விற்பனை நிலையத்தில் புதிய கியர்பெட்டிக்கு 17,600 ரிங்கிட் சொன்னார்கள். பழையதைப் பிரித்துப் புதுப்பிக்க 8,200. ஆறு மாத உத்தரவாதம். ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி இறக்குமதி செய்யப்படும் வண்டியிலிருந்து எடுத்த பழைய கியர்பெட்டி, பொருத்தும் கூலியுடன் 4,600. ஒரு மாத உத்தரவாதம். ஓடும் நிலையில் என் வண்டியின் சந்தை விலை 13,000. ஓடாத நிலையில் பழைய உதிரிப்பாகக் கடையில் 4,000.

அன்றிரவு வீட்டில் பெரிய விவாதம். 'பழுதுச் செலவு வண்டி விலையில் பாதியைத் தாண்டினால் தலைமுழுகிவிடு' என்பது பலர் சொல்லும் விதி. என் மைத்துனரும் அதையே சொன்னார். புதிய வண்டி வாங்கினால் மாதம் 750 ரிங்கிட் தவணை. ஒன்பது ஆண்டில் 81,000. என் மனைவி எதுவும் பேசாமல் உள்ளே போய், மகளின் எஸ்எஸ்பிஎன் கல்விச் சேமிப்பு அறிக்கையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவள் படிவம் ஐந்தில் இருக்கிறாள். பிறந்த நாளிலும் தீபாவளியிலும் கிடைத்ததையெல்லாம் சேர்த்து நாங்கள் போட்டுவந்த பணம். "எடுத்துக்குங்க. பிறகு போட்டுக்கலாம்" என்றார்.

மகள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அறிக்கையைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

அந்தக் காகிதத்தை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 'பிறகு போட்டுக்கொள்ளலாம்' என்று எடுத்த பணம் திரும்பப் போன வரலாறு நம் குடும்பங்களில் குறைவு என்பதைப் பெற்றோர்கள் அறிவீர்கள்.

பாதி விலை விதியை நான் ஏற்கவில்லை. அது வண்டியை விற்கப் போகிறவருக்குப் பொருந்தும் விதி. வேலைக்குப் போக வேண்டியவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தப் பழுதுச் செலவு எத்தனை மாதப் புதுத் தவணைக்குச் சமம்? என் மொத்தச் செலவு, சோதனை, கியர்பெட்டி, தாங்கி, எண்ணெய், வடிகட்டி எல்லாம் சேர்த்து 5,500 ரிங்கிட். 750ஆல் வகுத்தால் ஏழு மாதம், சில நாள். வண்டி அதற்குமேல் ஓடும் ஒவ்வொரு மாதமும் எனக்கு ஆதாயம். உடற்சட்டம் துருப்பிடித்து, மின்கலமும் தளர்ந்திருந்தால் கணக்கு வேறாகியிருக்கும். அதையும் சோதித்த பிறகே முடிவெடுத்தேன்.

பழைய கியர்பெட்டியை வாங்கும்போது சில நிபந்தனைகள் வைத்தேன். பகுதி எண் பொருந்த வேண்டும். பொருத்துவதற்கு முன் எண்ணெயும் வடிகட்டியும் புதிதாக மாற்ற வேண்டும். பொருத்திய பின் கணினியில் அளவீடு சரிசெய்ய வேண்டும். கழற்றிய பழையதை என்னிடம் காட்ட வேண்டும். உத்தரவாதம் தாளில் இருக்க வேண்டும். கடைக்காரர் ஒரு மாதத்தை மூன்று மாதமாக்க ஒப்புக்கொண்டார். கேட்டதால் கிடைத்தது.

எங்கிருந்து பணம்? கையிருப்பு 2,500, மீதி 3,000 ஆசிரியர் கூட்டுறவுச் சங்கத்தில் ஓராண்டுக் கடன், அங்காசா வழிச் சம்பளப் பிடித்தம். அரசு ஊழியர்களின் மொத்தப் பிடித்தம் ஊதியத்தில் 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதி உண்டு. அந்த விளிம்பில் ஏற்கெனவே நிற்கும் ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கு இவ்வழியும் அடைபடும். அப்போதுதான் கடன் அட்டையும் ஆலோங்கும் எட்டிப் பார்ப்பார்கள். கடன் அட்டையில் மீதம் வைத்தால் ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வட்டி. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர்கூட அடைமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்குமேல் வாங்கச் சட்டம் இடந்தருவதில்லை. அதற்குமேல் கேட்பவரிடம் போகாதீர்கள். கூட்டு கட்டுவதும் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. 

பட்டறையில் ஏமாற்றப்பட்டால் வாய்மூடிப் போக வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறத்தோடும் செய்ய வேண்டும், விலை நியாயமாக இருக்க வேண்டும் என்கிறது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம், கட்டணம் ஐந்து ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் தாள் தேவை. முதல் பட்டறைக்காரர் எழுதித் தர மறுத்தாரே, அப்போதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒரு மாணவன் கேட்ட கேள்வி

வண்டி பட்டறையில் கிடந்த மூன்று வாரமும், உலு திராமில் குடியிருக்கும் சக ஆசிரியை ஒருவரின் வண்டியில் பள்ளிக்குப் போய் வந்தேன். அந்த நன்றியை இங்கே பதிவு செய்கிறேன். அந்நாட்களில் ஒருநாள், ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இதையே கணக்காகக் கொடுத்தேன்.

ஒரு ஹைப்ரிட் வண்டி 100 கிலோமீட்டருக்கு 5.5 லிட்டர் குடிக்கிறது. அதே அளவுள்ள சாதாரண வண்டி 7.5 லிட்டர் குடிக்கிறது. 198,000 கிலோமீட்டரில் மிச்சம் எவ்வளவு? 3,960 லிட்டர். லிட்டருக்கு இரண்டு ரிங்கிட் என்று வைத்தால் 7,920 ரிங்கிட். பிள்ளைகள் வியந்தார்கள். பிறகு மின்கலத்துக்கு 4,300, கியர்பெட்டிக்கு 5,500 என்று எழுதி, கூட்டச் சொன்னேன். 9,800.

முன்வரிசைப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். "அப்படின்னா மிச்சமே இல்லையே ஐயா! அந்தப் பணத்த எங்க வச்சீங்க?"

வகுப்பு சிரித்தது. எனக்குப் பதில் வரவில்லை. எங்கும் வைக்கவில்லை என்பதே உண்மை. மாதத்துக்கு 55 ரிங்கிட் மிச்சமானது. அது தேநீராகவும் பலகாரமாகவும் தொலைபேசிக் கட்டணமாகவும் கரைந்துபோயிற்று. சாதாரண வண்டியின் கியர்பெட்டியும் ஒருநாள் பழுதாகும். ஆகவே ஹைப்ரிட்டை மட்டும் பழிப்பது நியாயமன்று. ஆனால் ஹைப்ரிட் வண்டி நமக்கு மாதந்தோறும் பணத்தைக் கையில் கொடுத்துக்கொண்டே வந்தது. நாம் அதை ஊதியம் என்று நினைத்துச் செலவழித்துவிட்டோம். அது ஊதியமன்று, அந்த வண்டி தன் முதுமைக்காக நம்மிடம் கொடுத்துவைத்த பணம்.

அந்த 55 ரிங்கிட்டோடு 15 சேர்த்து, வாங்கிய நாள் முதல் மாதம் 70 ரிங்கிட் ஒதுக்கியிருந்தால், பன்னிரண்டு ஆண்டில் 10,080 ரிங்கிட் இருந்திருக்கும். மின்கலமும் கியர்பெட்டியும் அதிலேயே அடங்கியிருக்கும். என் மகளின் சேமிப்பு அறிக்கை மேசைக்கு வந்திருக்காது.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். உங்கள் வண்டி பெட்ரோலை மிச்சப்படுத்துகிறதா? மகிழ்ச்சி. அந்த மிச்சத்தைத் தனிக்கணக்கில் போடுங்கள். அதைத் தொடாதீர்கள். எண்ணெய் மாற்றும் நாளைத் தள்ளிப்போடாதீர்கள். பழுது வந்தால் முதலில் கண்டறிதலுக்குப் பணம் கொடுங்கள். பாகத்துக்குப் பிறகு கொடுக்கலாம். பிள்ளையின் கல்விப் பணத்தை வண்டிக்குள் ஊற்றாதீர்கள்.

இன்னொன்றும் மனத்தில் பட்டது. அந்த இளைஞரைப்போன்ற பிள்ளைகள் நம் வகுப்புகளில் இருக்கிறார்கள். தேர்வில் பின்தங்கிய பிள்ளையைத் தொழிற்கல்லூரிக்கு அனுப்பலாம் என்று நாம் சொன்னால், பெற்றோர் முகம் வாடிவிடுகிறது. மூன்று பேரில் ஒருவர்தான் காரணத்தைத் தேடினார். அவர் அப்படிப்பட்ட கல்லூரியில் பயின்றவர். அந்த முகவாட்டத்தை இனியாவது குறைத்துக்கொள்வோம்.

வண்டி இப்போது ஓடுகிறது. சம்பள நாளில் 70 ரிங்கிட் கூட்டுறவுச் சங்கத்தில் தனிக்கணக்குக்குப் போகிறது. கேள்வி கேட்ட மாணவனிடம் அந்தக் கணக்குப் புத்தகத்தைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இது முதல் மாசம்தானே ஐயா?" என்றான்.

உங்கள் பட்டறிவையும் எழுதுங்கள். பிறருக்குப் பயன்படும்.